பின்னால் கூப்பிடாத கடை

"நில்லுங்க! எங்க போறீங்க?"

வாசலிறங்குகிறவரைப் பார்த்து எந்தக் கடைக்காரியும் கேட்கக் கூடாத கேள்வி அது. பாளையங்கோட்டையில் ஹெப்சிபாவின் கடை அதைத்தான் இரண்டு மாதமாக நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் வாயால் கேட்கவில்லை, அவள் கேட்பாளா? அவளுடைய வெப்சைட் கேட்டது, அதுவும் மூக்கால் பேசுகிற ஒரு கம்ப்யூட்டர் பெண்குரலில். யாராவது பார்த்து முடித்துப் பக்கத்தை மூடப் போனால் போதும். திரை முழுக்கச் சிவப்பாக ஒரு பெட்டி எழும்பும், குரல் கத்தும், கீழே பத்து சதவீதத் தள்ளுபடி குதித்துக் குதித்துக் காட்டும்.

நம் பக்கத்தில் வெளியே கிளம்புகிற ஆளை எங்கே போறே என்று கேட்கிறோமா? ரொம்ப அவசியமென்றால் ‘தூரமா?’ என்று கேட்டு அத்தோடு நிறுத்திக்கொள்வோம். பின்னாலிருந்து கூப்பிட்டுவிட்டாலோ, போகிறவர் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்குவார். ஹெப்சிபா ஞாயிறுதோறும் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குச் ‘சகுனம் பார்ப்பது பாவம்’ என்று பாடம் எடுக்கிறவள்தான். ஆனாலும் அவள் வீட்டுக்காரர் ஜேசுதாசன் பள்ளிக்கூடத்துக்கு பைக்கை எடுத்துக்கொண்டு போன ஒருநாள், அவர் மறந்துவிட்ட சாப்பாட்டுப் பையை, கூப்பிடாமல், குறுக்குச் சந்தில் ஓடி, அவருக்கு முன்னால் போய் நின்று கொடுத்தவள். பாடம் வேறு, பழக்கம் வேறு.

கடை அவள் அப்பா வேதமுத்து வைத்தது. கல்யாணச் சீருக்கான பாத்திரங்கள், அண்டா, குடம், தூக்குவாளி, தட்டு. பெண் பெயரோ மாப்பிள்ளை பெயரோ, கொடுக்கிறவர் பெயரோ சொன்னால் மெஷினை வைத்து ‘கிர்ர்’ரென்று வெட்டிக் கொடுப்பார்கள். அப்பாவுக்குப் பிறகு கடை இவள் கைக்கு வந்தது. கொரோனா காலத்தில் ஷட்டர் மூடிக் கிடந்தபோது, சும்மா இருக்கப் பிடிக்காமல், போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே ஒரு வெப்சைட்டைச் செய்தாள். பெரிய அழகெல்லாம் இல்லை. பாத்திரத்தின் படம், அளவு, விலை, கடை போன் நம்பர். ஒன்றே ஒன்று மட்டும் விசேஷம். ஒரு சின்னக் கட்டத்தில் பெயரை எழுதினால், அது அந்தப் பாத்திரத்தின் மேலேயே வெட்டினதுபோலத் தெரியும். துபாயிலிருந்து ஒரு அண்ணன் தங்கச்சி பேரை எழுதிப் பார்ப்பான். விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலைக்குப் போகிற ஒரு அம்மா மருமகன் பேரை எழுதி, அதைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்புவாள். பார்த்தார்கள், போன் போட்டார்கள், வாங்கினார்கள், போனார்கள். ஹெப்சிபாவுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

குறை கண்டுபிடிக்க ஒருத்தன் வந்தான். ஜேசுதாசனின் தம்பி ஜெனோ, பெங்களூரில் வேலை. என்ன வேலையென்றால், கம்பெனிகளின் வெப்சைட்டுக்கு வருகிறவர்களை எப்படிப் போகவிடாமல் வைத்திருப்பது என்று சொல்லிக்கொடுக்கிற வேலை. அதற்கும் சம்பளம் கொடுக்கிறார்கள், காலம் அப்படி. போன தடவை ஊருக்கு வந்தவன் கறிச்சோறு தின்ற கையோடு இவள் வெப்சைட்டைத் திறந்து பார்த்து, உச்சுக் கொட்டினான்.

"மைனி, வாரவங்க ஒரு நிமிஷங்கூட நிக்க மாட்டேங்காங்க. வந்தான், பாத்தான், போனான்னு இருக்கு. எங்கிட்ட விடுங்க. நிக்க வச்சுக் காட்டுதேன்."

வீட்டுப் பிள்ளை, ஆசையாய்ச் செய்கிறான் என்று விட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு. பாஸ்வேர்டை வாங்கினான், மறுநாளே அதை மாற்றினான். அதன் பிறகு அவன் உள்ளே போகிறபோதெல்லாம் இவள் போனுக்கு ஒரு எண் வரும், உடனே அவன் கூப்பிடுவான். "மைனி, ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க." இவள் குழம்புக்குத் தாளித்துக்கொண்டே ஒவ்வொரு எண்ணாகச் சொல்லுவாள். கடைச் சாவியைத் தினமும் ஒருத்தன் கேட்க, தினமும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு அப்போது தோன்றவேயில்லை.

வெப்சைட் ஒரே மாதத்தில் பொருட்காட்சி மைதானமாகிவிட்டது. சுற்றினால் பரிசு விழும் சக்கரம். ‘இந்த அண்டாவை இப்போது பதினேழு பேர் பார்க்கிறார்கள்’ என்று ஒரு பொய். அந்த அண்டாவைப் பதினேழு பேர் ஒன்றாகப் பார்த்து அவள் கண்டதே இல்லை. ‘இன்னும் இரண்டே இரண்டுதான்’ என்று இன்னொரு பொய், குடோனில் அது கூரைவரை அடுக்கிக் கிடக்கும்போது. பெயர் எழுதிப் பார்க்கிற கட்டத்தை, மெதுவாகத் திறக்கிறது என்று தூக்கிவிட்டான். கடை போன் நம்பர் எங்கே என்று அவளுக்கே தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே டார்லின். ஓரத்தில் ஒரு பெண்பிள்ளை படம், தலையை ஆட்டி ஆட்டி, ‘வணக்கம், நான் டார்லின், உங்களுக்கு எப்படி உதவலாம்?’ என்று கேட்கும். அப்படி ஒரு பெண்ணே கிடையாது, எல்லாம் மெஷின்.

இது தெரியாமல் ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஒரு பெரியவர், பை நிறையத் தோட்டத்து முருங்கைக்காயோடு கடை வாசலில் வந்து நின்றார்.

"தாயி, டார்லினு இருக்காளா?"

"யாரு?"

"உங்க கடையில வேலை பாக்குத பிள்ளை. நேத்து மத்தியானம் பூரா அவட்டதான் பேசிக்கிட்டிருந்தேன். பெரிய அண்டா விறகடுப்புல நிக்குமான்னு கேட்டேன். நல்ல கேள்வி, எங்க தள்ளுபடியப் பாத்தீங்களாங்கா. அடி தட்டையா உருண்டையான்னு கேட்டேன். நல்ல கேள்வி, சக்கரத்தச் சுத்துங்கங்கா. பாவம், புதுசு போல, ஒண்ணும் தெரியல. அதட்டிராதிய, நல்ல மரியாதையான பிள்ளை."

ஹெப்சிபாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அண்டாவின் அடி தட்டை, அடுப்பில் நன்றாக நிற்கும் என்று ஒரே வரியில் சொன்னாள். அவர் தடவிப் பார்த்து, வாங்கிக்கொண்டு, முருங்கைக்காயை டார்லினுக்கென்று கொடுத்துவிட்டுப் போனார். அன்று மத்தியானமே ஜெனோவிடமிருந்து ஒரு வரைபடம் வந்தது. "மைனி, நேத்து ஒருத்தர் நம்ம சைட்ல எவ்வளவு நேரம் இருந்திருக்காரு பாருங்க! ரெக்கார்டு!" கீழே மூன்று கைதட்டல் படம். ஹெப்சிபா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முருங்கைக்காயை நறுக்கினாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். மும்தாஜ் பேகம் வந்து நின்ற அன்றுதான் அவளால் முடியவில்லை.

மும்தாஜ் பேகம் மேலப்பாளையத்துக்காரி, வேதமுத்து காலத்திலிருந்தே வாடிக்கை. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய சகன் தட்டு அவர் எந்தக் கடையில் வாங்குகிறாரோ, அவர் தெருவே அந்தக் கடையில்தான் வாங்கும். அடுத்த மாதம் அவர் மகள் ஃபர்ஹத்துக்கு நிக்காஹ். அதற்கான சகன் தட்டு ஆர்டருக்காகத்தான் ஹெப்சிபா காத்துக்கொண்டிருந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கியவர் உட்காரக்கூட இல்லை.

"ஏம்மா ஹெப்சி, உங்க அப்பா என்னைக்காவது எங்கள வாசல்ல மறிச்சு எங்க போறியன்னு கேட்டிருப்பாவளா?"

"என்னக்கா சொல்லுதிய? உட்காருங்க."

"உட்காரலை. எம்மவன் ரசீத் வெளிநாட்டுக்குச் சபர் கிளம்புதான். பெட்டியெல்லாம் வண்டியில ஏத்தியாச்சு. துஆ கேட்டாச்சு. பிஸ்மி சொல்லி வாசல்ல காலு வைக்கான், கையில போனு. தங்கச்சிக்கு உன் கடையில எந்தத் தட்டு எடுக்கலாம்னு பாத்துட்டு மூடுதான். கத்துச்சு பாரு ஒரு கத்து! நில்லுங்க, எங்க போறீங்க, இப்ப போனா நஷ்டம் உங்களுக்குத்தான்னு. எங்க மாமியா அங்கனயே அழ ஆரம்பிச்சுட்டாவ. அந்தச் சவத்த மூடவும் தெரியலை, அது பாட்டுக்குக் கத்துது. வள்ளியூரு தாண்டுமுன்ன டயரு வெடிச்சு, திருவனந்தபுரம் போய்ச் சேருததுக்குள்ள பிளேன் போயிட்டு."

"அய்யோ! இப்ப ரசீத்..."

"மறுநா வேற பிளேன்ல போயிட்டான், அல்ஹம்துலில்லாஹ். எங்க மார்க்கத்துல சகுனமெல்லாம் கிடையாது. நானே பத்து பேருக்குச் சொல்லுதவதான். ஆனா மனசுன்னு ஒண்ணு இருக்குல்லா? போறவன மறிச்சு உனக்கு நஷ்டம்னு சொல்லலாமா? அந்தக் குரலு இருக்க கடையில ஃபர்ஹத்துக்கு ஒரு கரண்டிகூட வாங்கமாட்டேன். முகத்துக்கு நேரா சொல்லிட்டுப் போகணும்னுதான் வந்தேன்."

சொன்னார், போய்விட்டார். வழக்கமாகப் படியிறங்கும்போது ‘வாரேன்’ என்பார். அன்று அதைச் சொல்லவில்லை. ஹெப்சிபாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. முப்பது வருஷம் அப்பா வாயால் சம்பாதித்த மரியாதையை ஒரு மூக்குப் பேச்சுக்காரி இரண்டே மாதத்தில் குட்டிச்சுவராக்கிவிட்டாளே!

உடனே ஜெனோவைக் கூப்பிட்டாள்.

"தம்பி, அந்தக் குரலை எடு. இன்னைக்கே எடு."

"மைனி, அதுக்குப் பேரு எக்ஸிட் பாப்-அப். உலகம் பூரா வைக்காங்க."

"உலகம் பூரா வைக்கட்டும். எங்க வாசல்ல வேண்டாம்."

"ஒரு அம்மா கோவிச்சதுக்காக நல்லா ஓடுததக் கெடுக்கச் சொல்லுதியளா? டேட்டாவப் பாருங்க. வாரவங்க நாலு மடங்கு நேரம் நிக்காங்க."

"அப்ப பாஸ்வேர்டைக் கொடு. நானே எடுத்துக்கிடுதேன்."

"நீங்க கை வச்சீங்கன்னா எல்லாம் கலைஞ்சுரும் மைனி. உணர்ச்சிவசப்படாதிய. நான் ஞாயித்துக்கிழமை கோயில் அசன விருந்துக்கு வாரேன்லா, உட்காந்து பேசுவோம்."

வைத்துவிட்டான். நாலு மடங்கு நேரம் அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று அவள் தானே ஒரு வாடிக்கைக்காரியைப் போல வெப்சைட்டுக்குள் போய்ப் பார்த்தாள். ஒரு தூக்குவாளியின் விலையைத் தெரிந்துகொண்டு வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். சக்கரம் வந்து மறித்தது. டார்லின் வந்து மறித்தாள். சிவப்புப் பெட்டி வந்து கத்தியது. அதை மூடுகிற பெருக்கல் குறியைத் தேடு தேடென்று தேடி, கடைசியில் ஒரு மூலையில், சாம்பல் நிறத்தின் மேல் சாம்பல் நிறத்தில், எள்ளளவுக்குக் கண்டுபிடித்தாள். அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. ஜனங்கள் ஆசையாக நிற்கவில்லை, வாசலைக் காணாமல் நிற்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோயிலில் அசனப் பண்டிகை. ஆராதனை முடிந்து, பந்தலில் சபையே வரிசையாக உட்கார்ந்து, சுடச்சுடச் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிட்டது. ஜெனோ இலையில் கை வைத்தபடியே அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் போனைக் காட்டினான். "எங்க மைனி கடைதான். நான் எடுத்துச் செஞ்சப்புறம் பாருங்க, எப்படி ஏறுது." கோடு மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. எல்லாரும் ‘ஆமா, ஆமா’ என்றார்கள். கறிக்கரண்டியோடு நின்ற ஹெப்சிபா, அந்தக் கரண்டியைக் கறிக்கு மட்டும் பயன்படுத்துவதற்கு மிகவும் பாடுபட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லார் முன்னாலும் கேட்டாள். மாமியார் பிரிஸில்லா நாற்காலியில் இருந்தார். ஜேசுதாசன் விசிறிக்குக் கீழே சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஜெனோ, மும்தாஜக்கா ஆர்டர் போச்சு. அவங்களோட அந்தத் தெருவே போயிரும். கடைக்கு அதுதான் பாதி உசுரு. எடுத்துரு அத."

"மைனி, போறவங்க போவாங்க. புதுசா ஆயிரம் பேரு வருவாங்க. சகுனம் பாத்து யாவாரம் செஞ்ச காலமெல்லாம் போயிட்டு."

"இது சகுனமில்லலே, மரியாதை."

"விடேன் ஹெப்சி," என்றார் பிரிஸில்லா. "பெரிய கம்பெனிக்கெல்லாம் செஞ்சு கொடுக்கான். உனக்குச் சும்மா செஞ்சு தாரான். அவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிரப் போகுது?"

ஹெப்சிபா வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தாள். அவர் விசிறியைப் பார்த்தார். சரி, இந்த வீட்டில் வாயால் சொல்லி ஒன்றும் ஆகாது என்று முடிவு செய்தாள்.

சாயங்காலம் ஜெனோவுக்கு ரயில். புதுக் கம்பெனியில் மறுநாள் சேர வேண்டும், பெரிய பதவி. பெட்டி வாசலுக்கு வந்தது. பிரிஸில்லா மகன் தலையில் கை வைத்து, போகிற வழியெல்லாம் காக்கும்படி கண்ணீரோடு ஜெபித்தார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். ஜெனோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினான், ஆட்டோ காத்துக்கொண்டிருந்தது.

"ஏ ஜெனோ! நில்லு! எங்க போறே?"

தெருவே திரும்பியது. எதிர்வீட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். ஜெனோவின் கால் படியில் பாதியில் நின்றது.

"ஏட்டி!" பிரிஸில்லா நாற்காலியிலிருந்து குதிக்காத குறை. "உனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? புது வேலைக்குப் போற பிள்ளைய இப்படியா பின்னால கூப்பிடுவா!"

ஹெப்சிபா நிறுத்தவில்லை. மூக்கால் பேசினாள், அந்தக் கம்ப்யூட்டர்க்காரி தோற்றாள். "இப்ப போனா நஷ்டம் உங்களுக்குத்தான்! பத்து சதவீதம் தள்ளுபடி! இதே வாசல்ல இப்ப பதினேழு பேரு நிக்காங்க! போறதுக்கு முன்ன ஒரு தடவை சக்கரத்தச் சுத்துங்க!"

ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். பிரிஸில்லா சிரிக்கவில்லை, மகன் கையைப் பிடித்து இழுத்தார். "உள்ள வாலே. வந்து உட்காரு. தண்ணி குடிச்சிட்டுப் போ."

"அம்மா, இதெல்லாம் மூடநம்பிக்கை."

"உட்காருலேங்கேன்!"

உட்கார்ந்தான். தண்ணீர் வந்தது. உலகம் பூரா வைக்கிறார்கள் என்று சொன்ன பிள்ளை, தள்ளிவிடவில்லை, ஒரு மடக்குக்கு இரண்டு மடக்காகக் குடித்தான். குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஒரு தடவை கூப்பிட்டேன்," என்றாள் ஹெப்சிபா. இப்போது அவள் குரலில் விளையாட்டு இல்லை. "ஒரே ஒரு தடவை. உங்களுக்கு இப்படிப் பதறுதுல்லா அத்தே? உங்க மவன் என் கடை வாசல்ல நின்னு, வந்தவங்க போனவங்கள எல்லாம், ராத்திரி பகலா இப்படித்தான் கத்துதான். எம்பேர்ல கத்துதான். எங்கப்பா பேர்ல கத்துதான். அவங்க வீட்டுலயும் ஒரு அம்மா இருப்பாவ. அவங்களும் ஜெபம் பண்ணித்தான் பிள்ளைய அனுப்புதாவ."

ஜேசுதாசன் விசிறியை விட்டுக் கண்ணை எடுத்தார்.

"எடுத்துரு ஜெனோ அத," என்றார்.

ஜெனோவின் முகம் சிவந்துவிட்டது. "இப்படித் தெருவுல வச்சு மானத்த வாங்கிட்டு, எடுன்னா எடுத்துருவனா? ஊருக்குப் போயிட்டுப் பேசிக்கிடுதேன்." பெட்டியை எடுத்தான். இந்தத் தடவை ஹெப்சிபா முன்னால் போய் கேட்டைத் திறந்துவிட்டாள். "போயிட்டு வா தம்பி," என்றாள், முறையாக. அவன் ஆட்டோவில் ஏறினான்.

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. ரயில் சத்தத்துக்கு நடுவே ஜெனோ. ரொம்பப் பணிவான குரல், அதிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"மைனி, கோவமெல்லாம் இல்ல. உங்களுக்கு எதுக்கு இந்தத் தொந்தரவு, கணக்கை என் நம்பருக்கே மாத்திருதேன். அப்புறம் உங்கள நான் கேட்கவே வேண்டாம். இப்ப ஒரு ஓடிபி வந்திருக்கும், அத மட்டும் சொல்லுங்க. இதுதான் கடைசி."

வந்திருந்தது. ஹெப்சிபா எண்ணைப் பார்த்தாள். பிறகு, எத்தனையோ தடவை வந்தும் எண்ணை மட்டுமே பார்த்துப் பழகிய அந்தச் செய்தியை, முதல் தடவையாக முழுசாகப் படித்தாள். அவனுக்கு ஏன் இந்த எண் வேண்டும்? இது இல்லாமல் அவனால் கதவைத் திறக்க முடியாது. இத்தனை நாளும் முடிந்ததில்லை. சாவி பெங்களூரில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அதை இடுப்பில் சொருகி வைத்துக்கொண்டே அவனிடம் கெஞ்சியிருக்கிறாள். அவளுக்குத் தன் மேலேயே சிரிப்பு வந்தது.

"தம்பி, இதுல யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு எழுதியிருக்கு."

"அய்யோ மைனி, அது மத்தவங்களுக்கு."

"நீயும் மத்தவன்தான்."

"மைனி, விளையாடாதிய. சிக்னல் போயிரும்."

"போகட்டும். சொல்லமாட்டேன்."

"அண்ணன்ட்ட போனைக் குடுங்க."

"அவங்களுக்கும் சொல்லமாட்டேன். என் கடைக்கு நான்தான் சாவி. போய்ப் படுத்துத் தூங்கு, நாளைக்கு வேலையில சேரணும்லா."

வைத்தாள். கையோடு வெப்சைட்டின் உள்வாசலுக்குப் போய், ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?’ என்கிற இடத்தைத் தொட்டாள். மறக்கவில்லை, பிடுங்கிக்கொண்டார்கள் என்று எழுத அதில் இடமில்லை. புது எண் வந்தது, அவள் போனுக்கே வந்தது. அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள், கதவு திறந்துவிட்டது.

மறுநாள் கடையில் வியாபாரத்துக்கு நடுவே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள். சக்கரம் போயிற்று. பதினேழு பேரும் போனார்கள். ‘இன்னும் இரண்டே இரண்டுதான்’ என்ற இடத்தில் ‘நிறைய இருக்கிறது, நிதானமாகப் பாருங்கள்’ என்று எழுதினாள். டார்லினைத் தூக்கும்போது மட்டும் ஆழ்வார்குறிச்சிப் பெரியவரை நினைத்துப் பாவமாக இருந்தது. அந்த இடத்தில் கடை போன் நம்பரைக் கண்ணாடி போடாதவருக்கும் தெரிகிற அளவில் பெரிதாகப் போட்டாள். பெயர் எழுதிப் பார்க்கிற கட்டத்தை மறுபடி கொண்டுவந்தாள், அது மெதுவாகத்தான் திறந்தது. திறக்கட்டும், நல்ல பெயருக்குக் கொஞ்சம் காத்திருந்தால் என்ன? சிவப்புப் பெட்டியைக் கடைசிக்கு வைத்திருந்து, ஒரு தடவை கத்தவிட்டு, ‘போடி’ என்று சொல்லி அழித்தாள்.

ஜெனோ ஒரு வரைபடம் அனுப்பினான். கோடு தலைகுப்புற விழுந்திருந்தது. ‘சந்தோஷமா?’ என்று மட்டும் எழுதியிருந்தான். ‘ரொம்ப’ என்று பதில் போட்டாள்.

பிறகு மும்தாஜ் பேகத்துக்குப் போன் செய்தாள். எடுத்துவிட்டேன் அக்கா, வந்து பாருங்கள் என்றாள். அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நாளாக ஆக, வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டாலே ஹெப்சிபா எட்டிப் பார்த்தாள். டவுனில் ஒரு பெரிய கடையில் மேலப்பாளையத்து ஆட்கள் தட்டு பார்த்தார்களாம் என்று ஒரு பேச்சு வேறு காதுக்கு வந்தது.

ஒரு சனிக்கிழமை, ஜேசுதாசனும் கடையில் இருந்த நேரம், ஆட்டோ வந்து நின்றது. மும்தாஜ் பேகம் இறங்கி வந்து, இந்தத் தடவை உட்கார்ந்தார். போனை எடுத்து வெப்சைட்டைத் திறந்தார். பார்த்தார், தள்ளினார், இன்னும் பார்த்தார். பெயர்க் கட்டத்தில் ஏதோ எழுதி, தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு ஹெப்சிபாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பக்கத்தை மூடினார். மூடிய போனைக் காதோரம் வைத்துக் கேட்டார்.

"என்னம்மா, ஒண்ணுமே சொல்லமாட்டேங்கு?"

"போறவங்க போகட்டும்னு விட்டுட்டேன் அக்கா."

"ம்." எழுந்தார். முந்தானையைச் சரிசெய்தார். தட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஃபர்ஹத் பேச்சு இல்லை. "வாரேன்," என்று சொல்லிப் படியிறங்கினார்.

ஹெப்சிபாவின் நாக்கு நுனியில் அத்தனையும் வந்து நின்றது. அக்கா, தட்டு? அக்கா, நிக்காஹ்வுக்கு எங்க எடுத்திய? அக்கா, ஒரு நிமிஷம்! ஜேசுதாசன் பின்னாலிருந்து அவள் தோளைத் தட்டினார்.

"கூப்பிடுட்டி, போறாவ! ஆர்டர கேளு!"

"கேட்கமாட்டேன்."

"ஆட்டோவுல ஏறுதாவ ஹெப்சி!"

"ஏறட்டும். போறவங்கள நான் கூப்பிடமாட்டேன்." பல்லைக் கடித்துக்கொண்டு, கல்லாமேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "வாங்க அக்கா," என்றாள், ‘வாரேன்’ என்றவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை மட்டும். ஆட்டோ புகைவிட்டுக்கொண்டு கிளம்பி, மார்க்கெட் முனையில் திரும்பி மறைந்தது.

ஜேசுதாசன் ஒரு அண்டாவைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்த அண்டா அது. ஹெப்சிபா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் முட்டியது, ஆனால் நாக்கை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

போன் சிணுங்கியது. வெப்சைட்டில் ஒரு ஆர்டர். சகன் தட்டு, அந்தக் குடும்பத்துக்கு மட்டுமல்ல, தெருவுக்கே போதுமான அளவு. வெட்ட வேண்டிய பெயர் என்ற இடத்தில் ‘ஃபர்ஹத்’ என்று இருந்தது. கீழே, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்கிற கட்டத்தில், அவர் பேசுகிறபடியே எழுதியிருந்தார்.

‘குலவணிகர்புரம் ரயில்வே கேட்டு அடச்சுக் கிடக்கு, ஆட்டோவுல சும்மாதான இருக்கேன்னு போட்டுட்டேன். பின்னால கூப்பிடுதியான்னு பாத்தேன். கூப்பிடலை. அப்ப நீதான் கடைய நடத்துத.’

ஹெப்சிபா அதை இரண்டு தடவை படித்தாள். வீட்டுக்காரரிடம் போனை நீட்டிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பெயர் வெட்டுகிற மெஷினின் ஒயரைச் சொருகினாள்.